எல்லோருக்கும் 98.4

கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நோயாளியின் தோலைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். உடல் முழுவதையும் கிருமிநீக்கிய துணியால் மூட வேண்டும். குழாய் போடுகிறவர் முகமூடி, தொப்பி, கவுன், கையுறை நான்கையும் மாட்டிக்கொள்ள வேண்டும். போட்டு முடித்ததும் அந்த இடத்தில் சுத்தமான கட்டு ஒட்ட வேண்டும்.

இவ்வளவுதான். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஐசியுவில் பீட்டர் ப்ரோனொவோஸ்ட் என்ற மருத்துவர் ஒரு தாளில் எழுதி வைத்தது. கழுத்திலோ மார்பிலோ உள்ள பெரிய ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் பக்கம் வரைக்கும் இறக்குகிற குழாயை 'சென்ட்ரல் லைன்' என்பார்கள். மருந்து போகிற அதே வழியில் கிருமியும் போகும். அங்கே தொற்று வந்தால் நேராக ரத்தத்தில் கலக்கும். ஏற்கெனவே உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பவர் அதையும் சேர்த்துத் தாங்குவது கஷ்டம். அதைத் தடுக்கத்தான் இந்த ஐந்து வரி.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் மருத்துவம் படித்த ஒருவரிடம் போய் 'கை கழுவினீங்களா சார்?' என்று கேட்பதற்கு ஒரு தாளா? எல்.கே.ஜி. வகுப்பு வாசலில் ஒட்ட வேண்டியதை ஐசியுவில் ஒட்டியிருக்கிறார்களே என்று தோன்றியது. இந்த ஐந்தில் எதுவும் எந்த மருத்துவருக்கும் தெரியாததல்ல.

ப்ரோனொவோஸ்ட் முதல் மாதம் யாரையும் திருத்தப் போகவில்லை. ஐசியு நர்ஸ்களிடம், 'சும்மா பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், யார் எந்தப் படியை விடுகிறார்கள் என்று' என்றார். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு படி விடுபட்டிருந்தது. உலகின் மிகச் சிறந்த மருத்துவமனைகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய இடத்தில்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். மருத்துவமனை நிர்வாகத்திடம் பேசி நர்ஸ்களுக்கு ஓர் அதிகாரம் வாங்கிக் கொடுத்தார். டாக்டர் ஒரு படியை விட்டால் நர்ஸ் அவரை நிறுத்தலாம். டாக்டர் கோபப்பட்டால் நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிற்கும். அடுத்த ஓராண்டில், குழாய் போட்ட பத்து நாளுக்குள் வரும் தொற்று 11 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. பிறகு இதையே மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில் செய்து பார்த்தார்கள். 2006 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வின்படி, ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 என்று இருந்த தொற்றின் நடுமதிப்பு மூன்றே மாதத்தில் பூஜ்யமானது. ஒன்றரை வருஷம் கழித்தும் பெரிதாக ஏறவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2007 கடைசியில், மனிதர்கள் மீதான ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அலுவலகம் இந்தத் திட்டத்தில் குறுக்கிட்டது. நோயாளிகளிடம் முறைப்படி ஒப்புதல் வாங்காமல் அவர்கள் மீது ஆராய்ச்சி செய்திருக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். டாக்டர் கை கழுவியதைக் குறித்துவைக்க நோயாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். எதிர்ப்பு வலுத்ததும் 2008 தொடக்கத்தில் இறங்கி வந்தார்கள். அந்த வாதத்தை முழுக்க அபத்தம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. யாரையோ பரிசோதித்திருக்கிறார்கள் என்பது சரிதான். ஆனால் பரிசோதனைக்கு ஆளானது நோயாளியா, டாக்டரா?

செக்லிஸ்ட் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஆகாய விமானத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். 1935 அக்டோபரில் அமெரிக்காவின் டேட்டன் அருகே போயிங் நிறுவனத்தின் மாடல் 299 விமானம் சோதனை ஓட்டத்தில் விழுந்து எரிந்தது. இருவர் இறந்தார்கள். இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை, வால் பகுதியைப் பூட்டி வைத்திருந்த கொக்கியை எடுத்துவிட மறந்திருந்தார்கள். ஓட்டியவர் அனுபவமிக்க விமானி. ஒரு மனிதர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் அளவைத் தாண்டிவிட்டது விமானம் என்று புரிந்துகொண்டு, ஓட்டுநர்களுக்குப் பட்டியல் தயாரித்தார்கள். நல்ல கதைதான். ஆனால் மருத்துவமனைக்கு இதை அப்படியே கொண்டுவருவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. விமானி கொக்கியை மறந்தால் விமானியும் சாவார். கை கழுவ மறந்த டாக்டர் மறுநாள் வழக்கம்போல டூட்டிக்கு வருவார்.

இன்னொன்று, விமானக் கதை முழுக்க ஞாபகத்தைப் பற்றியது. பால்டிமோரில் மாறியது ஞாபகமா? கை கழுவ வேண்டும் என்பது அந்த மருத்துவர்களுக்கு முந்தின மாதமும் ஞாபகம் இருந்திருக்கும். மாறியது, பக்கத்தில் நிற்பவருக்கு வாய் திறக்கக் கிடைத்த உரிமை. முன்பு நர்ஸ் சொன்னால் அது அதிகப்பிரசங்கித்தனம். இப்போது சொல்லாவிட்டால் அது வேலையில் குறை. அந்தத் தாளில் ஆறாவதாக எழுதப்படாத வரி ஒன்று இருந்தது என்று வைத்துக்கொண்டால், மேலே இருந்த ஐந்தையும் ஓடவைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் முடியும் இடத்தில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு பங்கு சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாகக் கூட இருந்து கவனிப்பவர். நாம் நான்காமவரை 'சிஸ்டர், ட்ரிப்ஸ் முடிஞ்சிருச்சு' என்று கூப்பிடுவதோடு விட்டுவிட்டோம்.

1970களின் நடுவில் சாமுவேல் கோரோவிட்ஸ், அலாஸ்டேர் மெக்கிண்டயர் என்ற இரண்டு தத்துவவாதிகள் மருத்துவத் தவறுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் அறியாமையால் வரும் தவறு, அறிந்ததைச் சரியாகச் செய்யாமல் வரும் தவறு என்று பிரித்துக் காட்டினார்கள். முதலாவதை மன்னிக்க நமக்குத் தயக்கமில்லை. 'அந்தக் காலத்துல அதுக்கு மருந்தே இல்ல' என்று தாத்தாவின் சாவைப் பற்றி ஆறுதலோடு பேசுகிறோம். இரண்டாவதைக் கேட்டால் ரத்தம் கொதிக்கிறது. தெரிந்திருந்தது, கையில் இருந்தது, செய்யவில்லை. இதற்குமேல் என்ன குற்றம் வேண்டும்?

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. செய்யவில்லை என்பது ஒன்று. செய்யாததைச் செய்ததாக எழுதுவது இன்னொன்று. முதலாவதை மறதி என்று சொல்லிவிடலாம். இரண்டாவது பொய். அந்தப் பொய் யாருடையது?

என் பெரியப்பா மகள் ஒரு மாவட்டத் தலைநகரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் பதினோரு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். இப்போது அந்த வேலையில் இல்லை. மிச்சிகன் கதையை அவரிடம் பெரிய ஆர்வத்தோடு சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்டுடா?" என்றார்.

"ஐசியுதானக்கா. ஒண்ணு, ரெண்டு இருக்கும்."

"அதான் பாத்தேன். எங்களுக்கு நைட்டு வார்டுல ரெண்டு பேரு. முப்பத்திரெண்டு பெட்டு. ஆறு மணி வைட்டல்ஸ நாலரைக்கே எழுத ஆரம்பிச்சாத்தான் ஏழு மணிக்கு ஹேண்ட்ஓவர் குடுக்க முடியும். பி.பி.யாச்சும் பாதிப் பேருக்கு நெசமாப் பாப்போம். டெம்பரேச்சர் எல்லாருக்கும் 98.4. மூச்சு இருபது. நிமிஷக் கணக்கா நின்னு மூச்ச எண்ணிக்கிட்டு இருக்க முடியுமா சொல்லு?"

"டாக்டருக்கு இது தெரியாதா?"

"தெரியாமயா? அவரு அந்த ஷீட்டத் திருப்பிக்கூடப் பாக்க மாட்டாரு. 'சிஸ்டர், எப்டி இருக்காங்க?'ம்பாரு. 'ஸ்டேபிள் சார்'ம்பேன். அவ்ளோதான் ரவுண்ட்ஸ்."

ஆபரேஷன் தியேட்டரிலும் சில மாதங்கள் இருந்திருக்கிறார். அங்கே உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைசிகிச்சைப் பட்டியலை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார்களாம். காலையிலேயே அன்றைய கேஸ் எல்லாவற்றுக்கும் டிக் அடித்து அடுக்கி வைத்துவிடுவார்கள். ஒரு நாள் இவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார், வலது பக்கம்தானே சார் என்று. 'ஏன் சிஸ்டர், நீங்க ஆபரேட் பண்றீங்களா?' என்றிருக்கிறார் சர்ஜன். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "தப்பா ஒண்ணும் சொல்லலடா. ஜோக்காத்தான் சொன்னாரு. ஆனா அப்புறம் நான் கேக்கல."

அந்தச் சுவரில் தொங்கிய பட்டியலின் வரலாறு எனக்குத் தெரிந்திருந்ததால் இது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தியது. அதுல் கவாண்டே தலைமையில் தயாரான அந்த 19 வரிகளை டெல்லி, மணிலா, அம்மான், லண்டன், தான்சானியாவின் இஃபகாரா உட்பட எட்டு ஊர்களில் பரிசோதித்தார்கள். 2009 ஜனவரியில் முடிவு வந்தது. அறுவைசிகிச்சைக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகியிருந்தது. அந்தப் பட்டியலில் ஒரு வரி எல்லோரையும் பெயரும் வேலையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்கிறது. கத்தி வைப்பதற்கு முன்னால். மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி தோன்றும். ஆனால் ஒரு முறை தன் பெயரைச் சத்தமாகச் சொன்னவருக்கு இரண்டாம் முறை வாய் திறப்பது சுலபம். அக்காவின் தியேட்டரில் அவர் பெயர் சர்ஜனுக்குத் தெரியாது. 'சிஸ்டர்' தெரியும்.

அக்கா எழுதிய 98.4 பொய்யா? எளிதாக ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பொய் என்றால் யாராவது ஏமாற வேண்டும். யார் ஏமாந்தது? டாக்டருக்குத் தெரியும். நர்ஸிங் சூப்பரின்டென்டன்டுக்குத் தெரியும், அவரும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவர்தான். நிர்வாகத்துக்குத் தெரியும், முப்பத்திரண்டு படுக்கைக்கு இரண்டு பேர் என்று போட்டது அவர்கள்தானே. ஆய்வுக்கு வருகிறவர்களும் மருத்துவமனைகளில் இருந்து வந்தவர்கள்தான், அவர்களுக்கும் ஊகம் இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த பொய்யைச் சடங்கு என்றுகூடச் சொல்லலாம். மொய் நோட்டில் எழுதும் 'நல்வாழ்த்துகள்' மாதிரி.

படுத்திருப்பவருக்குத் தெரியாது. தலைமாட்டில் தொங்குகிற அட்டையில் தன் உடம்பைப் பற்றி ஏதோ உண்மை இருக்கிறது என்று நம்பிப் படுத்திருக்கிறார். வெளியே பாய் விரித்துப் படுத்திருக்கும் மகனும் அப்படித்தான்.

'திடீர்' என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? மருத்துவமனை வராந்தாக்களில் நாம் அதிகம் கேட்கும் சொல் அதுதான். நல்லாத்தான் இருந்தாங்க, திடீர்னு சீரியஸ் ஆயிடுச்சு. திடீர்னு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. திடீர்னு பி.பி. இறங்கிடுச்சு. திடீரென்று நடப்பவை உண்டு, நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போய் அடைப்பது மாதிரி. ஆனால் வார்டில் மோசமாகிறவர்களில் பலருடைய உடம்பு பல மணி நேரம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. மூச்சு 20லிருந்து 24 ஆகும், பிறகு 28 ஆகும். நாடி கூடும். காய்ச்சல் மெல்ல ஏறும். இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டி, ஒரு எண்ணைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்கிற பட்டியல்கள் இப்போது பல நாடுகளில் உண்டு. அதிலும் முதலில் மாறத் தொடங்குவது பெரும்பாலும் மூச்சுதான். அதை எண்ண எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு கடிகாரமும் ஒரு நிமிடமும் போதும். உலகமெங்கும் வார்டுகளில் அதிகமாக ஊகித்து எழுதப்படுவதும் அதே எண்தான். இரவு இரண்டு மணிக்கு 26 என்று எழுதப்படாததால்தான் காலை எட்டு மணிக்கு அது திடீர் ஆகிறது. உடம்பு படிப்படியாக இறங்கியதை, அந்தத் தாள் ஒரே நொடியில் விழுந்ததாக மாற்றிவிடுகிறது. மகனிடம் 'திடீர்னு' என்று சொல்லும் டாக்டர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் தாளின்படி அது திடீர்தான்.

ஆகவே அந்த 98.4ஐ வெறும் சடங்கு என்று என்னால் விட முடியவில்லை. வெற்று இடமாக விட்டிருந்தால்கூட மேல். வெற்றிடத்தைப் பார்க்கிறவருக்கு 'பார்க்கலையே' என்று தோன்றும், ஒருவேளை தொட்டுப் பார்ப்பார். நிரப்பிய கட்டம் அந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. ஆனால் வெற்றாக விட அக்காவுக்கு அனுமதி இல்லை. கட்டம் காலியாக இருந்தால் மெமோ. நிரம்பியிருந்தால், எதை வைத்து நிரம்பியிருந்தாலும், பிரச்சினை இல்லை. உண்மையை எழுதுகிறவருக்குத் தண்டனையும் பொய்யை எழுதுகிறவருக்கு நிம்மதியும் தருகிற ஓர் ஏற்பாட்டில், எழுதியவர் கையைப் பிடித்து 'நீ பொய் சொன்னாய்' என்று சொல்வது நியாயமா? முழுக்க நியாயமில்லை என்றுதான் தோன்றுகிறது. அவர் பங்கு எதுவும் இல்லை என்று சொல்லவும் வரவில்லை. அக்காவும் அப்படிக் கேட்கவில்லை. பேனா அவர் கையில் இருந்தது. ஆனால் அந்த எண்ணைச் சொல்லிக் கொடுத்தவர்கள் வேறு தளத்தில், ஏசி அறையில், டூட்டி அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இதைப் பெரிய அளவில் பார்க்கலாம். அறுவைசிகிச்சைப் பட்டியலை அங்கே அரசு கட்டாயமாக்கியது. 101 மருத்துவமனைகளில் பட்டியலுக்கு முன்னும் பின்னும் இறப்பை ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வந்தது. 0.71 சதவீதம் 0.65 ஆகியிருந்தது. புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. பட்டியலைப் பின்பற்றுகிறோம் என்று மருத்துவமனைகள் கொடுத்த கணக்கு மட்டும் 90 சதவீதத்துக்கு மேல். எட்டு ஊர்களில் உயிர் காப்பாற்றிய தாள் இங்கே ஏன் சும்மா இருந்தது என்று பெரிய விவாதமே நடந்தது. ஏற்கெனவே இறப்பு குறைவான இடத்தில் இன்னும் குறைப்பது கடினம் என்றார்கள் சிலர். டிக் அடித்ததும் செய்ததும் ஒன்றுதானா என்று கேட்டார்கள் வேறு சிலர். எனக்கு அக்காவின் லேமினேட் அட்டைதான் ஞாபகம் வந்தது.

எல்லாம் பொய் டிக்கால் வந்த வினை என்று முடித்துவிடவும் முடியாது. உத்தரப் பிரதேசம் குறுக்கே வருகிறது. 24 மாவட்டங்களில் 120 அரசுப் பிரசவ மையங்கள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள். பிரசவத்துக்கான பட்டியலைக் கொடுத்ததோடு நிற்காமல், பல மாதங்கள் பயிற்சியாளர்கள் நேரில் வந்து நர்ஸ்களின் கூட இருந்தார்கள். அவசியமான 18 செயல்களில் எத்தனை நடக்கின்றன என்று தனி ஆட்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்தார்கள். இங்கே ஏமாற்று இல்லை. பயிற்சி தொடங்கி இரண்டு மாதத்தில் பட்டியல் போன இடங்களில் 73 சதவீதமும் போகாத இடங்களில் 42 சதவீதமும் நடந்தன. வித்தியாசம் நிஜம். ஆனால் 2017இல் முடிவு வந்தபோது குழந்தை இறப்பிலும் தாய் இறப்பிலும் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். கை கழுவினார்கள், பி.பி. பார்த்தார்கள். பி.பி. 170 என்று தெரிந்த பிறகு அனுப்புவதற்குப் பெரிய மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும், மருந்து இருக்க வேண்டும், ரத்தம் இருக்க வேண்டும். அதையெல்லாம் ஒரு தாள் கொண்டுவராது. மிச்சிகனில்கூடப் பல ஐசியுக்களில் குளோர்ஹெக்சிடின் என்கிற அந்தக் கிருமிநாசினியே கைக்கெட்டும் இடத்தில் இல்லை. நிர்வாகத்தின் மேல்மட்டத்தில் இருப்பவர் ஒருவரை ஒவ்வொரு ஐசியுவுக்கும் பொறுப்பாக்கி, அவர் வந்து பார்த்து, வாங்கிக் கொடுத்தார்கள். பட்டியல் மேலே இருப்பவரையும் கேள்வி கேட்டால்தான் வேலை செய்கிறது. நம் ஊரில் பட்டியல் கீழே மட்டும் பார்க்கும்.

இதை நூறு வருஷம் முன்பே ஒருவர் தன் தொழிலை வைத்துச் சூதாடிப் பார்த்தார். பாஸ்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் ஏமரி காட்மேன். 1890களில் மருத்துவ மாணவராக இருந்தபோது, பின்னாளில் மூளை அறுவைசிகிச்சையில் புகழ்பெற்ற ஹார்வி குஷிங்கும் இவரும், ஈதர் மயக்கம் கொடுக்கும்போது நோயாளியின் நாடியையும் மூச்சையும் தாளில் குறித்துவைக்க ஆரம்பித்தார்கள். யார் நன்றாக மயக்கம் கொடுக்கிறார் என்று இருவருக்கும் ஒரு பந்தயம். இன்று ஒவ்வொரு ஆபரேஷனிலும் எழுதப்படும் மயக்கவியல் பதிவுத் தாளுக்கு அதுதான் மூதாதை. சர்ஜன் ஆன பிறகு காட்மேன் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. என்ன நோய், என்ன செய்தோம், ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார், நன்றாக இல்லையென்றால் ஏன்.

இதை யாரும் விரும்பவில்லை. பணிமூப்புப்படிதான் பதவி உயர்வு, விளைவுப்படி அல்ல என்ற முறையை எதிர்த்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து 1914இல் விலகினார். அதற்கு முன்பே சொந்தமாக ஒரு சின்ன மருத்துவமனை தொடங்கியிருந்தார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 பேரின் கணக்கை அச்சிட்டார். அதில் 123 தவறுகள் என்று அவரே எண்ணி, எந்த வகைத் தவறு என்று பிரித்துப் போட்டிருந்தார். எதிரிகள் கண்டுபிடித்ததல்ல, அவரே எண்ணியது. அதை மற்ற மருத்துவமனைகளுக்கும் அனுப்பி, நீங்களும் உங்கள் கணக்கைச் சொல்லுங்கள் என்றார். நடுவே 1915இல் ஒரு கூட்டத்தில், மண்ணில் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டையிடும் நெருப்புக்கோழியாக பாஸ்டன் பணக்காரர்களை வரைந்து காட்டினார். அறுவைசிகிச்சை நிபுணர்கள் முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நண்பர்கள்கூட விலகினார்கள். 1940இல் இறந்தபோது கல்லறையில் பெயர்ப்பலகை வைக்கவில்லை. 2014இல்தான் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து கல் வைத்தன.

காட்மேனைத் தியாகியாக்கிப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அந்த நெருப்புக்கோழிப் படம் தேவையில்லாத வம்பு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவரிடம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவறை எழுத அவரால் முடிந்தது, ஏனென்றால் மருத்துவமனை அவருடையது. மெமோ கொடுக்க அவருக்கு மேலே யாரும் இல்லை. அக்கா தன் 123ஐ எழுதியிருந்தால் அடுத்த மாதச் சம்பளம் வந்திருக்காது.

நம் ஊரில் பதிவு யாருக்காக எழுதப்படுகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதலில் இன்ஷூரன்ஸுக்காக. அடுத்தது, கேஸ் என்று வந்தால் கோர்ட்டுக்காக. ஆய்வுக்கு ஆள் வரும் வாரம் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து விடுபட்ட கையெழுத்துகளைப் போடுவார்களாம். நோயாளிக்கு என்று உள்ள பதிவு வீட்டில் இருக்கிறது. பீரோவுக்குப் பின்னால், துணிக்கடைக் கட்டைப்பையில். இ.சி.ஜி. தாள் மங்கிப் போயிருக்கும், எக்ஸ்ரே சுருண்டிருக்கும், பத்து வருஷ மருந்துச் சீட்டு மடிப்பில் கிழிந்திருக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் அம்மா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போவார், டாக்டர் மேலாக இருக்கும் ஒரு தாளைப் பார்ப்பார். உள்நோயாளியின் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களின் நடத்தை விதிகளில் 2002லிருந்து இருக்கிறது. எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்டாலே 'ஏன், கேஸ் போடப் போறீங்களா?' என்பார்கள். அந்தக் கேள்வியே போதும், பதிவு என்பதை அவர்கள் என்னவாக நினைக்கிறார்கள் என்று தெரிய.

பயமில்லாமல் உண்மையை எழுதவைக்க என்ன வழி? பக்கத்திலேயே ஒரு முயற்சி இருக்கிறது. கேரளத்தில் 2004 முதல் பிரசவத்தில் இறக்கும் பெண்களின் கேஸ் ஷீட்டுகளை அங்குள்ள மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பு வாங்கிப் படிக்கிறது. முதலில் பெண்ணின் பெயர், டாக்டர் பெயர், மருத்துவமனைப் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்கள். பிறகுதான் மதிப்பிடுகிறவர்களுக்குப் போகும். எங்கே தவறியது என்று பார்ப்பார்கள், யார் என்று கேட்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 1952லிருந்து நடக்கும் முறையின் வழியில் வந்தது. பிரசவத்துக்குப் பின்னான ரத்தப்போக்குதான் பெரிய கொலையாளி என்று அந்தத் தாள்களிலிருந்து தெரிந்து, அதற்கென்று நெறிமுறைகள் வகுத்தார்கள்.

தமிழ்நாடு இன்னொரு வழியில் முன்னோடி. தாய் இறப்புத் தணிக்கை இங்கே 1990களிலேயே தொடங்கிவிட்டது. இறந்த பெண்ணின் வீட்டுக்கே போய், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுகிறார்கள். எப்போது வலி வந்தது, ஆட்டோ எப்போது கிடைத்தது, முதலில் போன இடத்தில் என்ன சொன்னார்கள். 2010இல் வந்த தேசிய வழிகாட்டுதல்படி ஆட்சியர் தலைமையில் நடக்கும் ஆய்வுக்கு உறவினர்களையும் அழைக்க வேண்டும். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல என்று அதிலும் எழுதியிருக்கிறது. ஆனால் ஆட்சியர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு நர்ஸுக்கு அந்த வரி எவ்வளவு தைரியம் கொடுக்கும் என்பது வேறு விஷயம்.

கேரள வழியில் உண்மை வெளியே வரும் என்று என் அறிவு சொல்கிறது. பெயரை நீக்கினால்தான் 98.4 எழுதியவர் '98.4 பார்க்காமல் எழுதினேன்' என்று சொல்வார். அடுத்து வரும் பெண் பிழைப்பாள். ஆனால் இறந்துபோனவளின் கணவனுக்கு அந்த வழியில் ஒரு நாற்காலி கிடையாது. பெயர் நீக்கிய தாளில் அவன் மனைவியின் பெயரும் சேர்ந்தே போய்விடுகிறது. அடுத்த பெண்ணைக் காப்பாற்றுவதற்கு இவளைப் பற்றிய பதிலை விட்டுக்கொடு என்று அவனிடம் கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது?

அக்காவிடம் இரண்டையும் சொன்னேன். எதில் உண்மையை எழுதியிருப்பாய் என்று கேட்டேன்.

"பேரு போடாததுலதான் எழுதுவேன். இதுல என்னடா கேள்வி?" என்றார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வந்து, "ஆனா அந்தப் புருஷன்காரன் எதிர உக்காந்துக்கிட்டு, 'சிஸ்டர், அன்னைக்கு ராத்திரி நீங்கதான இருந்தீங்க'ன்னு கேட்டா, நான் என்ன சொல்றது? பேரு எழுதல, அதனால நான் இல்லன்னு சொல்லவா?" என்றார்.